பிரிட்டனில் மாணவர் விசாவில் வேலை: 20 மணி நேரத்தை எப்படி எண்ணுவது, எங்கே தவறுகிறது

பிரிட்டனுக்குப் படிக்கப் போகிற யாரைக் கேட்டாலும் "வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம்" என்பார்கள். விதியில் பாதிதான் அது. வாரம் எந்தக் கிழமை தொடங்குகிறது, எதெல்லாம் வேலையாக எண்ணப்படும், யாருக்கு 20, யாருக்கு 10, கோடையில் முழு நேரம் யாருக்கு உண்டு என்பதெல்லாம் மீதிப் பாதி. தெரிந்தே மீறுபவர்களைவிட, இந்த மீதிப் பாதி தெரியாமல் மாட்டிக்கொள்ளும் மாணவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு கணக்கு. 2026 ஏப்ரல் முதல் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்ட். வாரம் 20 மணி நேரம் தவறாமல் வேலை கிடைத்தால் 254.20 பவுண்ட், மாதத்துக்குச் சராசரியாக 1,101 பவுண்ட். 18 முதல் 20 வயது வரை கூலியே 10.85 பவுண்ட்தான். ஆனால் விசா விண்ணப்பத்தில் வாழ்க்கைச் செலவுக்கென்று நீங்கள் காட்ட வேண்டிய தொகை லண்டனில் மாதம் 1,529 பவுண்ட், வெளியே 1,171 பவுண்ட். ஆக, சட்டப்படி சம்பாதிக்கக்கூடியது முழுவதும் சேர்ந்தாலும் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமே பற்றாது. "அங்கே போய் வேலை செய்து இரண்டாவது தவணை ஃபீஸ் கட்டிக்கொள்ளலாம்" என்று ஊரில் ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். அந்த நம்பிக்கையோடு விமானம் ஏறியவர்கள்தான் முதலில் மணி நேரத்தை மீறுகிறார்கள்.

உங்கள் அனுமதி எவ்வளவு என்று பாருங்கள்

பல்கலைக்கழகத்தில் முழுநேர இளநிலை, முதுநிலை, பிஎச்.டி. படிப்பவர்களுக்கு, பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம். ஃபவுண்டேஷன் போன்ற, பட்டத்துக்குக் கீழான படிப்பில் இருந்தால் 10 மணி நேரம்தான். பகுதி நேரப் படிப்புக்கு மாணவர் விசா வாங்கியிருந்தால் வேலையே கூடாது. நண்பனுக்கு 20 என்பதால் உங்களுக்கும் 20 என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போது கையில் பிளாஸ்டிக் அட்டை தருவதில்லை; எல்லாம் ஈ-விசாதான். உங்கள் யு.கே.வி.ஐ. (பிரிட்டன் விசாத் துறை) இணையக் கணக்கில் நுழைந்தால் வேலை நிபந்தனை எழுதியிருக்கும். போய்ச் சேர்ந்த வாரமே அதைப் பார்த்துவிடுங்கள். 20 வர வேண்டிய இடத்தில் 10 என்றிருந்தால் வேலைக்குச் சேரும் முன் பல்கலைக்கழக விசா அலுவலகத்திடம் சொல்லித் திருத்த வேண்டும். "தவறாகத்தானே போட்டிருக்கிறார்கள்" என்று 20 மணி நேரம் செய்யக் கூடாது. பெயரையும் பாருங்கள். நம் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகப் போயிருக்கும். வங்கிக் கணக்கு, சம்பளப் பட்டியல், நேஷனல் இன்ஷூரன்ஸ் (சம்பளத்தில் பிடிக்கும் அரசுக் காப்பீடு) எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுங்கள். ஓரிடத்தில் இனிஷியல், இன்னோரிடத்தில் முழுப்பெயர் என்று கொடுத்தால் பின்னால் வரியைத் திரும்பப் பெறும்போது அலைய வேண்டியிருக்கும்.

வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். உள்துறை அலுவலகத்தின் கணக்கில் வாரம் திங்கட்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. கடையின் ரோஸ்டர் ஞாயிறு முதல் சனி வரை இருக்கலாம், சம்பளம் நான்கு வாரத்துக்கு ஒருமுறை வரலாம். அவை எதுவும் இந்தக் கணக்கை மாற்றாது.

சராசரி எடுக்கும் வழக்கமும் கிடையாது. "தம்பி, இந்தக் கிழமை மட்டும் ரெண்டு ஷிஃப்ட் கூடச் செய்யுங்கோ, அடுத்த கிழமை குறைச்சு விடலாம்" என்று அன்போடுதான் கேட்பார்கள். இந்த வாரம் 26, அடுத்த வாரம் 14 என்று செய்தால் இரண்டும் சேர்ந்து 40தான். ஆனால் முதல் வாரம் விதி மீறல், இரண்டாவது வாரத்தின் 14 அதைச் சரிசெய்யாது.

இரவு ஷிஃப்டைப் பிரித்து எண்ண வேண்டும். செவ்வாய் 6, வெள்ளி 6, சனி 8 என்று 20 மணி நேரம் முடித்துவிட்டீர்கள். ஞாயிறு இரவு 10 மணிக்குத் தொடங்கி திங்கள் காலை 6 மணிக்கு முடியும் ஷிஃப்டுக்கு அழைக்கிறார்கள். அதில் நள்ளிரவுக்கு முந்தைய 2 மணி நேரம் முடிகிற வாரத்தில் சேரும். அந்த வாரம் 22 ஆகிவிட்டது. மீதி 6 மணி நேரம் அடுத்த வாரக் கணக்கில் ஏறிவிடும். அதே ஷிஃப்ட் இரவு 12 மணிக்குத் தொடங்கினால் சிக்கல் இல்லை. முதியோர் இல்லங்களில் 12 மணி நேர ஷிஃப்ட் சாதாரணம். ஒரே வாரத்தில் இரண்டு செய்தாலே 24. ஒரு முழு ஷிஃப்டும் ஒரு அரை ஷிஃப்டும் மட்டுமே தர முடியுமா என்று சேரும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

20 மணி நேரத்தில் எதெல்லாம் சேரும்? எத்தனை இடத்தில் வேலை செய்தாலும் எல்லாம் ஒரே கணக்கு. சம்பளம் இல்லாத வேலையும் சேரும். "ட்ரையல்" என்று சும்மா நிற்க வைக்கும் 4 மணி நேரமும், முதல் வாரப் பயிற்சியும் சேரும். பல்கலைக்கழக நூலகத்திலோ ஓப்பன் டே உதவியாளராகவோ செய்யும் வேலையும் அதே கணக்குதான். கல்லூரி வளாகத்துக்குள் என்றால் தனி என்ற விதி அமெரிக்காவுடையது, இங்கே பொருந்தாது. சென்னையில் இருக்கும் பழைய கம்பெனிக்கு லண்டன் அறையில் உட்கார்ந்து லேப்டாப்பில் செய்யும் வேலையும், சம்பளம் இந்திய வங்கிக்கே போனாலும், இதில் சேரும். படிப்பின் கட்டாயப் பகுதியாக, மதிப்பெண்ணோடு வரும் பிளேஸ்மென்ட் (வேலைப் பயிற்சி) மட்டும் தனி. பட்டப் படிப்பில் அது மொத்தக் காலத்தில் பாதிக்கு மிகாமல் இருக்க வேண்டும். தொண்டு நிறுவனத்தில் ஒப்பந்தமோ கூலியோ இல்லாமல் விரும்பியபோது போய் உதவுவதும் கணக்கில் வராது. ஆனால் "இத்தனை மணிக்கு வந்தே ஆக வேண்டும்" என்ற கட்டாயம் இருந்தால் அது சம்பளமில்லா வேலையாகிவிடும்.

நீங்களே ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: தேதி, இடம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், திங்கள் முதல் ஞாயிறு வரையிலான கூட்டுத்தொகை. ரோஸ்டரை 20க்கு நிரப்பாமல் 17 அல்லது 18க்கு ஒத்துக்கொள்வது நல்லது. அடுத்த ஷிஃப்டுக்கு ஆள் வராமல் கடையைப் பூட்டவும் முடியாமல் ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்கும் நாள் கட்டாயம் வரும்.

கோடை விடுமுறை எல்லோருக்கும் இல்லை

இளநிலை மாணவருக்குக் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கோடை விடுமுறைகளில் மணி நேர வரம்பு கிடையாது. ஓராண்டு முதுநிலைப் படிப்பில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வகுப்பு இல்லாவிட்டாலும் அது ஆய்வுக் கட்டுரை எழுதும் காலம், அதாவது படிப்புக் காலம். அங்கே 20 மணி நேரம்தான். தமிழ்நாட்டிலிருந்து முதுநிலை படிக்க வருபவர்கள் ஏராளம் என்பதாலும், கூடவே தங்கும் இளநிலை மாணவர் முழுநேரம் வேலைக்குப் போவதைப் பார்ப்பதாலும் இதில் குழப்பம் அதிகம். பிஎச்.டி. மாணவருக்கோ ஆண்டு முழுவதும் படிப்புக் காலம். துறை எழுத்தில் ஒப்புக்கொண்ட விடுப்பு நாட்கள் மட்டுமே விடுமுறை. ஆய்வுக் கட்டுரையை முன்கூட்டியே சமர்ப்பித்துவிட்டாலும் படிப்பு முடிந்ததாகாது. பல்கலைக்கழகம் குறித்திருக்கும் அதிகாரபூர்வமான படிப்பு முடிவுத் தேதி வரை 20தான்.

விடுமுறை புதன்கிழமை தொடங்கினால்? ஒரே ஒரு பாடநாள் விழுந்தாலும் அந்த வாரத்தை 20க்குள் நிறுத்துவதே பாதுகாப்பு. உங்களை வேலைக்கு வைப்பவர் பல்கலைக்கழகத்தின் பருவத் தேதிகளை ஆதாரமாக வாங்கி வைக்க வேண்டும். அந்தத் தேதிகள் உள்ள கடிதத்தை மாணவர் சேவை அலுவலகத்தில் கேட்டால் தருவார்கள், செப்டம்பரிலேயே வாங்கிவிடுங்கள்.

மணி நேரம் எவ்வளவு குறைவானாலும் கூடாத வேலைகள்

சுயதொழில் முற்றிலும் கூடாது. ஒரு மணி நேரம்கூட. உணவு டெலிவரி ஆப்களில் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் சுயதொழில் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்கள். ஆகவே அவை மாணவர் விசாவுக்கு மூடிய கதவு. வேறொருவரின் கணக்கை வாடகைக்கு வாங்கி ஓட்டுவது அதைவிட மோசம். விசா மீறலோடு, அடையாளத்தை மறைத்த குற்றமும் சேர்ந்துகொள்ளும். சாலையில் ரைடர்களை நிறுத்திச் சோதிப்பதும் வழக்கமாகிவிட்டது.

டெலிவரியை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் விடுவது இவை: வீட்டில் டியூஷன் எடுத்துக் காசு வாங்குவது, இணையத்தில் ஃப்ரீலான்ஸ் வேலை பிடிப்பது, பூப்புனித நீராட்டு விழாவுக்கும் கல்யாணத்துக்கும் போட்டோ எடுப்பது, மெஹந்தி போடுவது, அறையில் சமைத்து டப்பா சாப்பாடு விற்பது, யூடியூப் சேனலில் விளம்பர வருமானம் பெறுவது. எல்லாமே தொழில் நடத்துவதாக எண்ணப்படக்கூடியவை. மேடையில் பாடவோ ஆடவோ காசு வாங்கினால் அது கலைஞர் பணி என்ற தடைக்குள்ளும் வரும். சம்பளத்துக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுப்பதும் தொழில்முறை விளையாட்டுத் தடைக்குள் வந்துவிடும். நண்பர்களோடு பூங்காவில் ஆடுவதற்கு ஒரு தடையும் இல்லை.

கிடைத்திருக்கும் வேலை சுயதொழிலா இல்லையா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சம்பளத்தில் வரியை முதலாளியே பிடித்து, பேஸ்லிப் கொடுத்தால் அது வேலை. "இன்வாய்ஸ் அனுப்பு", "யு.டி.ஆர். எண் (சுயதொழில் செய்பவர் வரித்துறையிடம் வாங்கும் எண்) எடுத்துக்கொண்டு வா" என்று சொன்னால் அது சுயதொழில். துப்புரவு, கிடங்கு, பெயின்டிங் வேலைகளுக்கு ஆள் பிடிக்கும் சில ஏஜென்சிகள் இப்படித்தான் கையெழுத்து வாங்குகின்றன. படிக்காமல் போட்டுவிடாதீர்கள்.

படிப்புக் காலத்தில் நிரந்தர முழுநேரப் பணியிடத்தில் சேரவும் முடியாது. கோடைக்கு மட்டும் என்று தேதி குறித்த முழுநேர வேலை, இளநிலை மாணவருக்குப் பிரச்சினை இல்லை.

சேரும் நாளில் செய்ய வேண்டியவை

ஒன்று, ஷேர் கோட்: உங்கள் வேலை உரிமையை முதலாளி இணையத்தில் பார்ப்பதற்கான குறியீடு. அரசு இணையதளத்தில் வேலை உரிமையை நிரூபிக்கும் பகுதிக்குப் போய் எடுக்க வேண்டும். வேலைக்கான குறியீடு "டபிள்யூ" எழுத்தில் தொடங்கும், 90 நாள் செல்லும். வீட்டு வாடகைக்கு எடுத்த குறியீட்டைக் கொடுத்தால் முதலாளியால் திறக்க முடியாது. முதலாளி இதைச் சரிபார்க்காமலே வேலைக்கு எடுத்தால் மகிழாதீர்கள். தகுதியில்லாத ஒருவரை வேலைக்கு வைத்தால் முதல் முறை ஓர் ஆளுக்கு 45,000 பவுண்ட் வரை, மறுமுறை 60,000 பவுண்ட் வரை அபராதம். அதைப் பற்றிக் கவலைப்படாத முதலாளி உங்களைப் பற்றியும் கவலைப்பட மாட்டார்.

இரண்டு, நேஷனல் இன்ஷூரன்ஸ் எண். பிரிட்டனுக்குள் வந்த பிறகு இணையத்தில் இலவசமாக விண்ணப்பிக்கலாம். காசு கேட்டு "எடுத்துத் தருகிறோம்" என்பவர்களிடம் பாஸ்போர்ட் நகலைக் கொடுக்காதீர்கள். எண் வருவதற்கு முன்பே வேலையைத் தொடங்கலாம். வந்ததும் முதலாளியிடம் சொன்னால் போதும்.

மூன்று, ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட்: சேரும்போது வரிக் கணக்குக்காக முதலாளியிடம் நிரப்பிக் கொடுக்கும் படிவம். இந்த ஒரு தாளில் தவறான பெட்டியைத் தொட்டால் மாதம் 200 பவுண்டுக்கு மேல் போகும். ஏப்ரல் 6க்குப் பிறகு இதுதான் முதல் வேலை என்றால் "ஏ". இதற்கு முன் ஒரு வேலை இருந்து இப்போது இல்லை என்றால் "பி". இன்னொரு வேலையும் கையில் இருந்தால் "சி". அவசரத்தில் "சி"யைத் தேர்ந்தெடுத்தால் "பி.ஆர்." என்ற வரிக் குறியீடு விழும். அப்போது முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம், அதாவது 1,101 பவுண்டில் 220 பவுண்ட் பிடிப்பார்கள்.

சம்பளத்தில் என்ன பிடிக்கலாம், என்ன பிடிக்கக் கூடாது

வரி ஆண்டு ஏப்ரல் 6இல் தொடங்குகிறது. ஆண்டுக்கு 12,570 பவுண்ட் வரை வருமான வரி இல்லை. பேஸ்லிப்பில் வரிக் குறியீடு "1257எல்" என்றிருக்க வேண்டும். அக்டோபரில் வேலை தொடங்குபவர் அடுத்த ஏப்ரலுக்குள் ஏறத்தாழ 6,600 பவுண்ட்தான் சம்பாதிப்பார். ஆகவே அவர் அந்த ஆண்டு வரியே கட்ட வேண்டியதில்லை. முழு ஆண்டும் 20 மணி நேரம், குறைந்தபட்சக் கூலியில் என்றால் வரியும் நேஷனல் இன்ஷூரன்ஸும் சேர்ந்து மாதம் 15 பவுண்ட் அளவில் வரும். அதற்கு மேல் போயிருந்தால் குறியீட்டைப் பாருங்கள். வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யின் இணையக் கணக்கில் திருத்தலாம். கூடுதலாகப் போன பணத்தை நான்கு வரி ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கேட்கலாம். வேலையை விடும்போது பி45, ஆண்டு முடிவில் பி60 என்ற, சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் தாள்கள் இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

கையில் ரொக்கமாகத் தருவதே குற்றமாகிவிடாது. பேஸ்லிப் இல்லாமல், கணக்கில் காட்டாமல் தருவதுதான் வில்லங்கம். லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் ஹாரோவிலும் நம்மவர் கடைகள் நிறைய. நேர்மையாகக் கணக்கில் காட்டிச் சம்பளம் தருபவர்களும் அங்கே இருக்கிறார்கள். ஆனால் "10 மணி நேரம் கணக்கில், மீதி கையில்" என்று ஒருவர் சொன்னால், அந்த மீதிக்கு மணிக்கு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். குறைந்தபட்சக் கூலியைத் தொடாது. மாணவன் 20ஐத் தாண்டியிருப்பதால் புகார் செய்ய மாட்டான் என்பது அந்த முதலாளிக்குத் தெரியும். கூலியைக் குறைக்க உதவுவதே அந்த பயம்தான்.

பெட்ரோல் பங்கில் வேலை செய்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். யாராவது டீசல் போட்டுவிட்டுக் காசு கொடுக்காமல் ஓட்டிப் போனாலும், கல்லாவில் குறைந்தாலும் முழுத் தொகையையும் உங்கள் சம்பளத்தில் பிடிக்க முடியாது. அப்படிப் பிடிக்கலாம் என்று முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். இருந்தாலும், ஒரு சம்பள நாளில் பிடிப்பது மொத்தச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 1996ஆம் ஆண்டின் வேலை உரிமைச் சட்டம் சொல்கிறது. கடைசிச் சம்பளத்துக்கு மட்டும் இந்த உச்சவரம்பு இல்லை. அதனால் கணக்குத் தகராறு இருக்கும்போது சட்டென்று வேலையை விட்டு வந்துவிடாதீர்கள்.

பகுதிநேர வேலைக்கும் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. நேரம் மாறிக்கொண்டே இருக்கும் வேலையில், செய்த மணி நேரத்தில் 12.07 சதவீதம் விடுப்பாகச் சேரும்: 100 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 12 மணி நேரம். "ஸ்டூடன்ட்டுக்கு ஹாலிடே பே கிடையாது" என்பது பொய். சம்பளத் தகராறுக்கு ஏகாஸ் அமைப்பு இலவசமாக ஆலோசனை தருகிறது.

மீறிவிட்டால்

20 மணி நேரத்தைத் தாண்டுவது சட்டவிரோத வேலை. விசா ரத்தாகலாம், பல்கலைக்கழகம் ஸ்பான்சர்ஷிப்பை விலக்கிக்கொள்ளலாம், சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடமுண்டு. பின்னால் வரும் விசா விண்ணப்பங்களிலும் இது எழும். சம்பளத் தகவல் ஒவ்வொரு சம்பள நாளும் வரித்துறைக்குப் போகிறது, வரித்துறையும் உள்துறையும் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன. "யாருக்குத் தெரியப் போகிறது" என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

கணக்குப் பார்க்கும்போது ஒரு வாரம் 21.5 என்று தெரியவந்தால் உடனே வரும் வாரங்களின் ஷிஃப்டைக் குறையுங்கள். பேஸ்லிப்பைத் திருத்தித் தரும்படி முதலாளியைக் கேட்காதீர்கள்; அது மோசடியாகிவிடும். பிறகு ஆலோசனை கேளுங்கள். பல்கலைக்கழக விசா ஆலோசகர்கள் நல்ல மனதோடு உதவுவார்கள். ஆனால் ஸ்பான்சர் என்ற முறையில் பல்கலைக்கழகத்துக்கு உள்துறையிடம் தெரிவிக்க வேண்டிய கடமைகள் உண்டு. அதனால் மீறல் பெரிதாக இருந்தால் முதலில் பதிவுபெற்ற குடியேற்ற ஆலோசகரையோ வழக்கறிஞரையோ பாருங்கள். ஆலோசகர் பெயர் இமிக்ரேஷன் அட்வைஸ் அதாரிட்டியின் பட்டியலில் இருக்கிறதா என்று இணையத்திலேயே சரிபார்க்கலாம்.

படிப்பு முடிந்த பின்

அதிகாரபூர்வமான முடிவுத் தேதிக்குப் பிறகு, விசா முடியும் நாள் வரை முழுநேரம் வேலை செய்யலாம். 12 மாதமோ அதற்கு மேலோ நீளும் படிப்பு என்றால் பொதுவாக 4 மாதம் கிடைக்கும். சுயதொழிலும் நிரந்தர முழுநேரப் பணியிடமும் அப்போதும் கூடாது. நீங்கள் தேர்ச்சி பெற்றதைப் பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்து, நீங்கள் பிரிட்டனுக்குள் இருந்தபடியே கிராஜுவேட் விசாவுக்கு (படிப்பு முடித்தவர்கள் தங்கி வேலை செய்வதற்கான விசா) விண்ணப்பித்துவிட்டால் நிரந்தர வேலையில் சேரலாம். சுயதொழிலுக்கு அந்த விசா கைக்கு வர வேண்டும். அது இப்போது 2 ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். பிஎச்.டி.க்கு 3 ஆண்டு. மாணவர் விசா முடிந்த மறுநாள் விண்ணப்பித்தால் வாய்ப்பு போய்விடும். முடிவுகள் தாமதமாகும் என்று தெரிந்தால் விசா முடியும் தேதியைக் காட்டித் துறையிடம் முன்பே பேசுங்கள்.

ஊர் திரும்புவதாக இருந்தால் கடைசி பி45 வந்ததும், நாட்டை விட்டுப் போவதை வரித்துறைக்குச் சொல்லும் பி85 படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். ஆண்டு நடுவில் கிளம்புபவர்களுக்கு, பிடித்த வரியில் பெரும்பாலும் ஏதாவது திரும்பி வரும். அந்தப் பணம் வந்து சேரும் வரை பிரிட்டன் வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.